தாத்தா ரெண்டு கட்டத்துல வர்றாரு

"இது டைப்பிங் மிஸ்டேக்னு நினைக்கிறேன், உங்க தாத்தா ரெண்டு இடத்துல வந்திருக்காரு பாருங்க"ன்னு குடும்ப வரலாறு தேடச் சொல்லித் தர்ற கிளாஸ் அம்மா என் வம்சாவளி சார்ட்டைக் காட்டி ரொம்ப பதமா சொன்னாங்க. மிஸ்டேக்லாம் இல்லைங்க, அவரு ரெண்டு இடத்துலயும் வரணும்னேன். சுத்தி உக்காந்திருந்த வெள்ளைக்கார தாத்தா பாட்டிங்க எல்லாம் டீ கப்பைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க.

விஷயம் ஒண்ணும் இல்ல, எங்க அம்மா கட்டினது தாய்மாமனை. நம்ம பக்கம் இதைச் சொன்னா "ஓ சொந்தத்துலயே"ன்னு தலையாட்டிட்டு அடுத்து எத்தனை புள்ளைங்கன்னு கேப்பாங்க. இங்கிலாந்துல லெஸ்டர்ங்கிற ஊர்ல ஒரு லைப்ரரி மாடியில உக்காந்து இதை இங்கிலீஷ்ல விளக்கிப் பாருங்க தெரியும். அம்மாவைப் பெத்த சின்னாயா அப்பாவோட கூடப்பிறந்த அக்கா, அதனால எனக்கு ஒரு வழியில அத்தை, இன்னொரு வழியில பாட்டி. அப்பாவைப் பெத்த பெரியாயா அம்மாவுக்கு மாமியார் மட்டும் இல்ல, சொந்த ஆயா. அதனாலதான் அம்மா கல்யாணம் ஆன பிறகும் அவங்களை ஒரு நாளும் அத்தைன்னு கூப்பிட்டதில்ல, சண்டை போடறப்ப கூட "ஏ ஆயா"தான். கொள்ளுத்தாத்தா பாட்டி வரிசைக்கு எட்டு கட்டம் போட்டுக் குடுத்திருந்தாங்க, அதுல ரெண்டு கட்டத்துல கீழ் வரிசையில ஏற்கனவே இருக்கிற தாத்தாவும் பெரியாயாவும் மறுபடி ஏறி உக்காந்துக்கிட்டாங்க. கம்ப்யூட்டர் வேற "ஒரே ஆளை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க, ஒண்ணா சேர்த்துடவா"ன்னு மஞ்சள் கலர்ல கேட்டுக்கிட்டே இருக்கு.

ரயில்வேல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர்தான் என்னைக் காப்பாத்தினாரு. கவலைப்படாதம்மா, எங்க டார்வினும் சொந்தத்துலதான் கட்டினாரு, 1839லன்னாரு. யாரு பொண்ணுங்க அதுன்னு கேட்டா அவரு அம்மாவோட தம்பி பொண்ணாம். அட, தாய்மாமன் மகள்! சுத்தமான முறைப்பொண்ணு! எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. ஆனா இந்த ஊர்ல மாமன் மக அத்தை மகனோட சரி, அக்கா மகளைக் கட்ட சட்டத்துல இடம் இல்ல. நம்ம 1955 இந்து திருமணச் சட்டமும் தடைன்னுதான் சொல்லுது, ஆனா வழக்கம் இருந்தா பரவால்லன்னு ஒரு சின்ன வாசலைத் திறந்து வச்சிருக்கு, எங்க சனம் மொத்தமும் அந்த வாசல் வழியாதான் போய் வந்துச்சு.

நான் ஒண்ணும் வம்சம் தேடி அந்த கிளாசுக்குப் போகல, உண்மையைச் சொன்னா குளிருக்குப் போனேன். வீட்டுல ஹீட்டர் போட்டா கேஸ் பில் எகிறுது, லைப்ரரியில சும்மாவே சூடா இருக்கும். கேர் ஹோம்ல எனக்கு ஷிப்ட் இல்லாத நாள்ல புள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு அங்க போய் உக்காந்துக்குவேன். நோட்டீஸ் போர்டுல உங்க குடும்ப வரலாறு தேடலாம், கட்டணம் இல்ல, டீ பிஸ்கட் உண்டுன்னு இருந்துச்சு. ஓசியில சொல்லித் தர்றாங்கன்னா கடைசியில ஏதாச்சும் பாலிசி தலையில கட்டுவாங்கன்னு நம்ம புத்திக்குத் தோணுமே, அப்படி எதுவும் இல்ல. வாலண்டியரா வர்ற வயசானவங்க, அவங்கவங்க தாத்தாவைத் தேடித் தேடி கத்துக்கிட்டதை அடுத்தவங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. வெளிய காசு கட்டிப் பார்க்கிற வெப்சைட்டெல்லாம் லைப்ரரி கம்ப்யூட்டர்ல ஃப்ரீ.

உன்கிட்ட இருந்து ஆரம்பி, ஒவ்வொரு படியா பின்னால போ, ஆதாரம் இல்லாம ஒரு பேரும் எழுதாத. இதான் பாடம். இங்கிலாந்துல பிறப்பு இறப்பு பதிவு 1837 ஜூலையில ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு முன்னாடின்னா சர்ச் ரெஜிஸ்டர், அது 1538ல இருந்து. 1841 சென்சஸ்ல இருந்து வீட்டுக்கு வீடு எல்லாரு பேரும் இருக்கு. நூறு வருஷம் பூட்டி வச்சுத் திறப்பாங்களாம், 1921 கணக்கை 2022 ஜனவரியில திறந்தாங்க. அடுத்து 1931தானேன்னு கேட்டேன், எல்லார் மூஞ்சியும் தொங்கிப்போச்சு. அது 1942ல தீயில எரிஞ்சிருக்கு. 1941ல சண்டை, கணக்கே எடுக்கல. அதனால அடுத்தது 2052லதான்னு எழவு வீட்டுல பேசுற குரல்ல சொல்றாங்க. ஒரு சென்சஸ் எரிஞ்சதுக்கு இவ்ளோ துக்கமான்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

அந்த ரயில்வே பெரியவரு 1881 ஏப்ரல் 3ம் தேதி ராத்திரி அவரோட பாட்டன் எந்தத் தெருவுல எந்த வீட்டுல படுத்துத் தூங்கினாருன்னு காட்டினாரு. வயசு, பிறந்த ஊரு, வேலை பூட்ஸ் தைக்கிறது, கூட தங்கியிருந்த ஆளு பேரு வரைக்கும் இருக்கு. வீட்டுக்கு வந்து தேடினா அதே 1881ல பிப்ரவரி 17ம் தேதி நம்ம நாட்டுலயும்தான் கணக்கு எடுத்திருக்காங்க, அதுவும் இவங்கதான் எடுத்திருக்காங்க. தாது வருஷப் பஞ்சம் முடிஞ்ச கையோட. சேலம் ஜில்லாவுல 1871க்கும் 1881க்கும் நடுவுல ஜனம் லட்சக்கணக்குல குறைஞ்சு போயிருக்கு. எத்தனை பேர், ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை, எந்த சாதி, எல்லாம் புத்தகமா அச்சடிச்சு வச்சிருக்கான், ஒருத்தர் பேர் கூட இல்ல. நம்ம சொந்த அரசாங்கம் வந்த பிறகு 1948 சென்சஸ் சட்டம், 15ம் பிரிவு, யாரும் அந்த காகிதத்தைப் பார்க்கக் கூடாது, நூறு வருஷம் கழிச்சுன்னு கூட ஒண்ணும் சொல்லல.

பிறந்த இடம்னு ஒரு கட்டம், அதுலயும் நான்தான் வேடிக்கைப் பொருள். எங்க வீடு காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா பிறந்தது சேலம் ஜில்லா. நான் பிறந்தது தர்மபுரி மாவட்டம், ஏன்னா 1965ல பிரிச்சுட்டாங்க. எங்க அண்ணன் மகன் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004ல மறுபடி பிரிச்சாங்க. மூணு பேரும் தவழ்ந்தது ஒரே திண்ணை. குடும்பம் அடிக்கடி இடம் மாறியிருக்கு போலன்னு பக்கத்து சீட் அம்மா பரிதாபப்பட்டாங்க. சொல்லித் தர்ற அம்மாவுக்கு மட்டும் கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு, ஏன்னா 1792ல திப்பு கிட்ட இருந்து பாரமகாலை, அதான் எங்க பக்கத்தை, ஈஸ்ட் இந்தியா கம்பெனி வாங்கினதும் கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் அங்க வந்து காடு கழனியை அளந்து வரி போட்ட கதை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கம்பெனிக் காகிதமெல்லாம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீள அலமாரியில இருக்கு, போய்ப் பாருங்கன்னாங்க. ட்ரெயின் டிக்கெட் விலையைப் பார்த்தேன், மன்றோவே பரவால்லன்னு விட்டுட்டேன்.

இங்க வந்து நாங்க நல்லாவே செட்டில் ஆயிட்டோம், அதைச் சொல்லியே ஆகணும். எந்த வாரம் எந்த கலர் குப்பைத் தொட்டியை வெளிய வைக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். மழைக்குக் குடை எடுக்கிறதை விட்டாச்சு. பெல்கிரேவ் ரோட்டுல குஜராத்திக் கடையில ராகி மாவு கிடைக்குது, கிண்டினா ஸ்மோக் அலாரம் அடிக்குது அது வேற கதை. ஆனா கரண்ட் அடுப்பு மேல நின்னுக்கிட்டு கிண்டுறது ஒரு களியா சொல்லுங்க, பெரியாயா வாசல்ல கல்லு கூட்டி, சட்டியை ரெண்டு காலாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு துடுப்பால கிண்டுவாங்க, தோள்பட்டை ஏறி இறங்கும், கை நனைச்சு உருட்டி வட்டல்ல போடுறப்ப ஆவி மூஞ்சியில அடிக்கும், நடுவுல குழி பண்ணி கீரைக் கடைசலை ஊத்தி... எங்க விட்டேன்?

ஆங், கல்லறை. ஒரு நாள் எல்லாரையும் சர்ச் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கல்லறைக் கல்லைப் படிக்க. மெத்துனு இருக்கிற பிரஷ்தான் போடணும், கம்பி பிரஷ் போடக் கூடாது, வெயில் சாய்வா விழுறப்ப போட்டோ எடுத்தா எழுத்து தெரியும். எங்க கொல்லிமேட்டுல இருக்கிற வேடியப்பன் கல்லு ஞாபகம் வந்துச்சு. வில்லும் கத்தியும் வச்ச ஆளு, மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி வழவழன்னு இருக்கும், வருஷா வருஷம் பொங்கல் வச்சு சேவல் அறுப்போம். மாட்டை ஓட்டிட்டுப் போனவனுங்க கிட்ட சண்டை போட்டு மீட்டு செத்துப் போன வீரனோட நடுகல்லுதான் நம்ம பக்கம் வேடியப்பன் ஆயிருக்குன்னு கிருஷ்ணகிரி மியூசியத்துல வரிசையா நிக்க வச்சிருக்கிற கல்லைப் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. பல்லவர் காலத்து நடுகல்லு எல்லாம் நம்ம பக்கம் இருக்கு, எந்த ராஜா, அவன் பட்டத்துக்கு வந்து எத்தனாவது வருஷம், எந்த ஊரு, செத்தவன் பேரு என்ன, எல்லாம் வெட்டி வச்சிருப்பாங்க. 1538 சர்ச் ரெஜிஸ்டர்லாம் நேத்து வந்தது. நெஞ்சை நிமித்திக்கிட்டு இதை கிளாஸ்ல சொன்னேன். பெண்களுக்கும் உண்டான்னு ஒரு பாட்டி கேட்டுச்சு. உண்டு, சதிக்கல். பொம்பளைக்குக் கல்லு வேணும்னா புருஷனோட நெருப்புல இறங்கியிருக்கணும். அதை இங்கிலீஷ்ல சொல்ல எனக்கு வாய் வரல.

அன்னைக்குப் பிடிச்சது இந்த எரிச்சல். சார்ட்டுல பார்த்தா பெரியாயாவைப் பெத்த அம்மா இருக்காங்க பாருங்க, அவங்களும் ரெண்டு இடத்துல வர்றாங்க, அப்பா வழியில கொள்ளுப்பாட்டி, அம்மா வழியில அதுக்கும் மேல ஒரு படி. ரெண்டு கட்டமும் காலி. யாருக்கும் அவங்க பேர் தெரியல.

அம்மாவுக்கு வாட்சப்ல போன் போட்டேன். "ஏன்டி பாப்பா, செத்து மண்ணாப் போனவங்க பேரைக் கேட்டு என்ன பண்ணப் போற, சாப்பிட்டியா மொதல்ல"ன்னாங்க. கடைசி வரைக்கும் பேர் வரல. "அவங்களை யாருடி பேர் சொல்லிக் கூப்பிட்டா, புள்ளைங்களுக்கு அம்மா, எங்களுக்கெல்லாம் கெழவி ஆயா." பெரியப்பா கிட்ட கேட்டா பங்காளி வழியில அஞ்சு தலைமுறை ஆம்பளைங்க பேரை மூச்சு விடாம சொல்றாரு, அவரு கிட்ட குலதெய்வம் கோயிலு தலைக்கட்டு வரி நோட்டு இருக்கு, அதுல ஒரு பொம்பளை கூட கிடையாது. அப்பா கல்யாண மொய் நோட்டை அண்ணன் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புனான், சந்தூர் மாமன் 11 ரூபா, போச்சம்பள்ளி பெரியப்பா மகன் 5 ரூபா தேங்கா ஒண்ணு, இப்படியே ஊரும் முறையுமா போகுது. ட்ரங்குப் பெட்டியில இருக்கிற பத்திரமெல்லாம் இன்னார் குமாரர் இன்னார். நம்ம ஸ்டேட்ல பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல பங்குன்னு சட்டம் வந்ததே 1989ல, அதுக்கு முன்னாடி பத்திரத்துல அவங்களுக்கு என்ன வேலை.

எனக்குத் தூக்கமே வரல போங்க. ஏழு புள்ளை பெத்தாங்களாம், ஒத்தைப் பேரு மிச்சம் இல்ல. இந்த ஊர்ல எவனோ பூட்ஸ் தைக்கிறவன் வீட்டுல வாடகைக்கு இருந்தவன் பேர் எனக்கு மனப்பாடம்.

ரெண்டு வாரம் கழிச்சு அம்மாவே கூப்பிட்டாங்க. "கெழவி ஆயாவோட அந்த பித்தளை அண்டாவுல பேர் வெட்டியிருந்துச்சே, பார்த்தியா?" அட ஆமா! நம்ம வீட்டுப் பொம்பளைங்க பேரு பத்திரத்துலயா இருக்கும், பாத்திரத்துல இல்ல இருக்கும்! சீர் குடுக்கிறப்ப கடைக்காரன் ஊசி வச்சு புள்ளி புள்ளியா வெட்டிக் குடுப்பானே, ஊர்ச் சாப்பாட்டுக்கு இரவல் போனா மாறிடக் கூடாதுன்னு. குடம், குண்டான், தாம்பாளம், எத்தனை பேர் இருந்திருக்கும். எல்லாத்தையும் எடை போட்டு எவர்சில்வருக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் மாத்தினோம், தெருவுல பாத்திரக்காரன் குரல் கேட்டா நானே ஓடிப் போய் எடுத்துக் குடுத்திருக்கேன். அந்த ஒரு அண்டா மட்டும் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டாயில கழனித்தண்ணிக்குக் கிடந்துச்சு.

சித்தப்பா பொண்ணு போட்டோ அனுப்பினா. வெயில் சாய்வா விழுறப்ப எடுடின்னு சொல்லி மறுபடி எடுக்க வச்சேன். விளிம்புக்குக் கீழ 'மு' ஒரு புள்ளி, அது அவங்க அப்பா வீட்டு இனிஷியல். அப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு ஒண்ணும் இல்ல, தேஞ்சு போச்சு. கடைசியில 'ம்மாள்'. அவ்ளோதான். எத்தனை வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சாங்களோ, தேச்சது முக்காவாசி அவங்களாத்தான் இருக்கும். மாதம்மாளா, முனியம்மாளா, காளியம்மாளா, சின்னம்மாளா, நம்ம பக்கம் எந்தப் பொம்பளைக்குத்தான் 'ம்மாள்' இல்ல. அம்மா சின்னம்மாள்தான்னு சத்தியம் பண்றாங்க, சித்தி மாதம்மாள்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, ஃபேமிலி குரூப்ல ரெண்டு நாளா பேச்சுவார்த்தை இல்ல. சார்ட்டுல ரெண்டு கட்டத்துலயும் 'மு. ....ம்மாள்'னே டைப் பண்ணேன், கம்ப்யூட்டர் வழக்கம் போல ஒரே ஆளான்னு கேட்டுச்சு, இந்த தடவை கோபம் வரல.

கிளாஸ் அம்மா கிட்ட காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிட்டு போனைக் கிட்ட வச்சுப் பார்த்தாங்க. அவங்க இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கிறதுல ஆதாரம்னு ஒரு அண்டா வந்தது இதான் முதல் தடவையாம், கிளாசுல எல்லாருக்கும் காட்டுங்கன்னாங்க. வெள்ளைக்காரங்க எல்லாம் பார்த்தாங்கன்னு சந்தோஷத்துல குரூப்ல போட்டுத் தொலைச்சேன், சித்திக்குப் பெருமை தாங்கல, உடனே புளியும் பவுடரும் போட்டு பரபரன்னு தேச்சு "இப்பப் பாரு கண்ணு, தங்கம் மாதிரி இருக்கு, இதை அவங்களுக்குக் காட்டு"ன்னு புது போட்டோ அனுப்பிட்டாங்க. அதுல 'மு' பாதிதான் தெரியுது. நல்லவேளை பழைய போட்டோ இருக்கு. கிளாசுல சொல்லிக் குடுத்த மாதிரி அது கீழ தேதி, எடுத்தது யாரு, பொருள் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்கேன். எங்க இருக்குங்கிற இடத்துல மாட்டுக்கொட்டாய்னு போட்டிருந்தேன், அதை மாத்தணும், சித்தி டிவிக்குப் பக்கத்துல ஷோகேஸ்ல ஏத்திட்டாங்களாம்.