துடைத்த துணி

கராஜில் வேலை பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துவைத்துக் காயப்போட்ட காற்சட்டையில், தொடைப் பக்கமாகச் சிறு சிறு ஓட்டைகள் தெரிந்தால், எந்தப் பற்றரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினோம் என்று யோசிப்போம். தெறித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. துணி நல்ல துணியாகவே இருக்கும். துவைத்தபின்தான் நூல் கழன்று விழும். பற்றரி அசிட் தன் வேலையைப் பிறகுதான் காட்டும் என்று அந்தக் காற்சட்டைகள் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. எனக்குத்தான் அது விளங்கவில்லை.

1999ஆம் ஆண்டு, கச்சான் என்கிற வறண்ட காற்று வீசிய மாதம். மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம், கல்முனை வீதியோரம் ஒரு கராஜில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மின்சாரம் இல்லாத ஊர்கள் அப்போது நிறைய. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு, சார்ஜ் ஏற்ற வருவார்கள். உழவு இயந்திரப் பற்றரிகளும் வரும். அப்படி வந்த பெரிய பற்றரி ஒன்று, மேசை விளிம்பில் வைத்திருந்தது, என் முழங்கை பட்டுச் சரிந்து விழுந்தது. மூடிகள் கழன்று, ஒரு லீற்றருக்குக் குறையாமல் அசிட் தரையில் ஓடியது.

எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான். குழாயைப் பிடித்து அடித்தேன். பாதி, கதவுக்குக் கீழால் ஓடி வடிகானுக்குள் போனது. அந்த வடிகான் வாவியில் போய்ச் சேரும் என்பது அப்போது என் நினைவில் வரவே இல்லை. மீதியைப் பழைய பனியன் துணிகளால் துடைத்தேன். துணிகளை மேசைக்குக் கீழே மூலையில் எறிந்தேன். தரை பளிச்சென்று இருந்தது. "பரவாயில்லை, கெட்டிக்காரன்" என்று பாஸும் சொன்னார். அன்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில், கராஜைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா அந்தத் துணிகளை எடுத்தார். வீசிவிட மனமில்லை. அலசினால் இன்னொரு நாளைக்கு உதவும் என்று வாளித் தண்ணீரில் தோய்த்து இரண்டு கைகளாலும் பிழிந்தார். நான் சீனியில்லாத தேநீரும் பனங்கட்டியுமாக வாசலில் நின்றேன்.

"தம்பி, இந்தத் துணியில் என்ன ஊற்றினாய்? கை எரிகிறது."

அவர் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. ஒருவர் பற்பசை கொண்டு வந்தார், இன்னொருவர் தேங்காய் எண்ணெய். அசிட்டுக்குச் சோடா மாற்று என்று கேள்விப்பட்டிருந்த நான், பக்கத்துக் கடைக்கு அப்பச்சோடா வாங்க ஓடினேன். மூன்றுமே தவறு. லொறி திருத்த வந்திருந்த சாரதி ஒருவர்தான் எங்களை விலக்கிவிட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் குழாயின் கீழே பிடித்தார். இருபது நிமிடம் விடவே இல்லை. பிறகுதான் ஆஸ்பத்திரி. உடம்பில் பட்ட அசிட்டுக்கு ஓடும் தண்ணீர் மட்டுமே முதல் மருந்து. கண்ணில் பட்டாலும் அதேதான்: இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சோடா தரைக்கு உரியது, தோலுக்கு அல்ல.

அக்கா ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. விரல்களின் தோல் கறுத்து உரிந்திருந்தது. தேங்காய் துருவ முடியவில்லை என்று மகள் வந்து சொன்னாள்.

இரவு முழுக்கக் காய்ந்த துணி ஏன் அப்படிச் சுட்டது என்ற கேள்விக்கு விடை கிடைக்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. தொழினுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போனபோது ஆசிரியர் சொன்னார்: பற்றரிக்குள் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான சல்பூரிக் அமிலம், மீதி தண்ணீர். காற்றுப் பட்டால் தண்ணீர் மட்டுமே ஆவியாகிப் போகும். அமிலம் போகாது, அங்கேயே கிடந்து உரக்கும். கச்சான் காற்றில் ஓர் இரவு கிடந்த துணி, நான் துடைத்த நேரத்தைவிடக் கொடியதாகத்தான் ஆகியிருக்கும். "காய்ந்துவிட்டது" என்ற சொல்லை அசிட்டைப் பற்றிப் பேசும்போது நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை.

அதே ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கும் செய்து காட்டினார். நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அசிட் ஒரு லீற்றரை முழுதாக முறிக்க ஏறத்தாழ முக்கால் கிலோ அப்பச்சோடா வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு பிடி போதும் என்று எண்ணியிருந்தோம். 100 கிராம் பக்கெற் ஒன்றைத் தூவி, நுரைப்பதைப் பார்த்து நிறைவடைந்தால், ஏழில் ஆறு பங்குக்கு மேல் அசிட் அப்படியே கிடக்கும். முக்கால் கிலோவும் நுரைத்து முடியும்போது இருநூறு லீற்றர் அளவில் காபனீரொட்சைட்டு வெளியேறும். கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து, பொறி பட்டால் வெடிக்கும் ஐதரசன் வருவது இன்னொன்று. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

இப்போது செங்கலடியில் எனக்கென்று ஒரு சிறிய கராஜ் இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஐந்து கிலோ சோடா எப்போதும் இருக்கும். பக்கத்தில் ஒரு சாக்கு ஆற்று மணல், இறப்பர் கையுறை, கண்ணாடி, சப்பாத்து. அசிட் கொட்டினால், யார்மேலாவது பட்டதா என்று முதலில் பார்த்தபின், மணலால் சுற்றிவர அணை கட்டுவோம். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சோடாவைத் தூவுவோம். நடுவில் அள்ளிக் கொட்டினால் நுரை முகத்துக்குத் தெறிக்கும். நுரை அடங்கியதும் கிளறிவிட்டு மறுபடி தூவ வேண்டும். புதிதாகத் தூவியது நுரைக்காமல் கிடக்கும்வரை வேலை முடியவில்லை. நீலப் பாசிச்சாயத்தாள் சிவக்காமல் இருக்கிறதா என்றும் பார்ப்போம். தச்சுப் பட்டறை பக்கத்தில் இருப்பதால் மரத்தூள் இலகுவாகக் கிடைக்கும், ஆனால் அசிட் உரக்க உரக்க அதைக் கரியாக்கும் என்பதால் தொடுவதில்லை. எரிசோடாவும் வேண்டாம், அதன் சூடே ஆளைச் சுடும். கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருப்பதால் அதுவும் நுரைக்கும். அந்த நுரையை நம்பக்கூடாது. சிப்பியின்மேல் ஜிப்சம் படிந்து பாதியிலேயே நின்றுவிடும்.

சென்ற ஆண்டு புதிதாக வந்த தம்பியைச் சோடா வாங்க அனுப்பினேன். கடைக்காரர் பேக்கிங் பவுடரைக் கொடுத்துவிட்டார். அதில் மாவும் புளிப்புச் சரக்கும் கலந்திருக்கும், சோடா கொஞ்சம்தான். அவனைத் திட்டவில்லை. இரண்டையும் ஒவ்வொரு சிட்டிகை அசிட் துளியில் போட்டுக் காட்டினேன்.

முறித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: பற்றரித் தகடுகளிலிருந்து வந்த ஈயம். சோடா அசிட்டைத்தான் கொல்லும், ஈயத்தை ஒன்றும் செய்யாது. ஆகவே அந்த மணலை வடிகானில் தள்ளாமல் மூடிய வாளியில் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதியோடு பழைய பற்றரி எடுப்பவர்களிடம் கேட்டுக் கொடுக்கிறேன். கடற்கரையோரமாகச் சில வளவுகளில், வலைக்கு ஈயமணி வார்ப்பதற்காகப் பழைய பற்றரியை உடைத்து, அசிட்டை வெறும் மணலில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மணலில் பத்தடி தோண்டினால் தண்ணீர். அதே வளவின் கிணற்றில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள், அதையே குடிக்கிறார்கள். இதைக் கண்டால் நான் சும்மா போவதில்லை. படலைக்குள் போய்ப் பேசிவிட்டே வருகிறேன். சிலர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

அக்கா மறுபடி வேலைக்கு வந்தது மாரி தொடங்கிய நேரம். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் கராஜில் எந்த மூலையில் ஈரத்துணி கிடந்தாலும், அதைத் தொடுவதற்கு முன் தும்புத்தடியால் இழுத்து வெளியே போட்டு, சோடாவை ஒரு சிட்டிகை தூவிக் குனிந்து பார்ப்பார். நுரைக்காவிட்டால் எடுத்து அலசுவார். நுரைத்தால் என்னைத்தான் கூப்பிடுவார், யார் போட்ட துணியாக இருந்தாலும்.