செங்கோட்டைப் பத்திரங்களுக்கு ஒரு தேடுபெட்டி

ஜூன் 3, 2025

தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் மாமாவின் பத்திர எழுத்து அலுவலகம், அதில் பீரோ பீரோவாகப் பழைய நகல்கள். மூலப்பத்திரம் கேட்டு ஆள் வந்தால் குமாஸ்தா அண்ணாச்சி கட்டுகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அரை நாள் போய்விடும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று. "சர்வே நம்பரோ வாய்க்கால் பேரோ அடிச்சா அந்தப் பக்கம் வந்து நிக்கணும் தம்பி" என்கிறார்.

ஜூன் 5

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் டெசராக்ட், டைப் அடித்த பக்கங்களை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. கிடைத்த எழுத்தை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்கிறேன். 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு அவை வேறு வேறு சொல்.

ஜூன் 9

'மேற்கு' என்று தேடினால் 'இதற்கு மாறாக' என்ற வரியெல்லாம் வந்து நிற்கிறது. காரணம் பிடிபட்டது. நான் வைத்திருக்கும் தரவுத்தளம் எஸ்கியூலைட், அதன் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 சொற்களைப் பிரிக்கும் இயல்பான ஏற்பாட்டில் எழுத்தும் எண்ணும்தான் சொல்லின் பகுதி. நம் புள்ளியும் கால், கொம்பு, சுழியும் யூனிகோடில் வேறு வகை, ஆகவே அவை இடைவெளிபோல் ஆகிவிடுகின்றன. மேற்கு என்பது ம, ற, க என்று உடைகிறது. மாறாக என்பதும் அதே ம, ற, க. சொல்லைப் பிரிக்கும் டோக்கனைசரில் இந்தக் குறிகளின் எம்என், எம்சி வகைகளையும் சேர்த்து அட்டவணையை மறுபடி கட்டினேன், சரியாகிவிட்டது. நான்கெல்லை எழுதும் ஊரில் மேற்கு மேற்காகவே கிடைக்க வேண்டும்.

ஜூன் 12

இன்று முழுக்க வேற்றுமை உருபோடு மல்லுக்கட்டு. பத்திரத்தில் யார் வெறும் 'வாய்க்கால்' என்று எழுதுகிறார்கள்? 'வாய்க்காலுக்கு மேற்கு', 'வாய்க்காலின் தென்கரை' என்றுதான் வரும். சொல்லை முன்னொட்டாக வைத்துத் தேடினாலும் பொருந்தாது, கடைசிப் புள்ளி போய் 'லு', 'லி' ஆகிவிடுகிறதே. அதனால் தேடும் சொல்லின் ஈற்றுப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு முன்னொட்டுத் தேடல் நடத்துகிறேன். மகர ஈறு அப்படி அடங்காது. குளம் 'குளத்துக்கு' ஆகும், மகரத்தையே வெட்டினாலோ 'குளிர்'கூட வந்துவிடும். அங்கே 'குளம்', 'குளத்த' என்று இரண்டையும் தேடுகிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்தில் 12-ஆம் பதிப்பு முதல் தமிழுக்கு ஸ்டெம்மர், அதாவது உருபை வெட்டி அடிச்சொல் தரும் கருவி, இருக்கிறது. எங்கள் சின்ன அலுவலகத்துக்கு இந்தச் சிறு விதிகளே போதும் என்பது என் எண்ணம்.

ஜூன் 17

1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்துக் கட்டுகளில் மலையாளக் கையெழுத்து நிறைய, ஓசிஆர் அதில் ஒரு வரிகூட உருப்படியாகத் தரவில்லை. கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து படித்துச் சொல்கிறார். "மாஷே, இது என்ன எழுத்து?" என்று அண்ணாச்சி கேட்கக் கேட்க, ஊர், சர்வே நம்பர், தேதி, சொத்து விவரம் மட்டும் நான் பதிகிறேன். தேதியெல்லாம் கேரளத்தின் கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1112 தை என்றால் 1937. இரண்டு ஆண்டையும் சேமிக்கிறேன், எதை அடித்தாலும் வரும்.

ஜூன் 20

தேடல் முடிவில் எழுத்தை மட்டும் காட்டக் கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஓசிஆர் 3-ஐ 8 என்று படித்தால் சர்வே நம்பரே மாறிப்போகும், பிறகு கோர்ட்டு வாசல்தான். பொருந்திய வரிக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் படம் நிற்கும். பிறர் சொத்து விவரம் என்பதால் இணையத்தில் ஏற்றவில்லை, அலுவலக வலையமைப்புக்குள் பாஸ்வேர்டோடுதான். மாஷ் திங்கட்கிழமை வருகிறார், அடுத்தது 1090-களின் கட்டு.