ஸ்கின் கலர்னு ஒரு ட்யூப் கெடையாது

மூணு மாசமா ஞாயித்துக்கெழமை ஆனா ஒரே மூஞ்சியத்தான் வரைஞ்சிட்டிருக்கேன். ஓவியர் இளையராஜாவோட படம் ஒன்னு, கதவோரமா மஞ்சப் பொடவைல ஒரு பொண்ணு, இடது பக்கத்துலேர்ந்து வெளிச்சம். கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021 ஜூன்ல கொரோனாவுல போய்ட்டார், அப்ப எல்லாரும் ஸ்டேட்டஸ்ல அவர் படத்த வச்சாங்கல்ல, அதப் பாத்து ஃபோட்டோன்னு நெனச்சு ஏமாந்தவங்கள்ல நானும் ஒருத்தி. ஆயில்ல போர்ட்ரெய்ட் கத்துக்கணும்னா யாரையாவது காப்பி அடிச்சுத்தான் ஆகணும்னு தோணுனப்ப மொதல்ல ஞாபகம் வந்தது அவர்தான்.

கிரிட் போட்டு பென்சில்ல எறக்குறது ஒரு மாதிரி வந்துடுச்சு. அப்புறம் பர்ன்ட் அம்பர்ங்கற கரும்பிரவுன் கலர தர்பன்டைன்ல கரைச்சு வெளிச்சம் நிழல் மட்டும் ஒரு லேயர். அம்பர் சீக்கிரம் காஞ்சிடும், அதனால மறுநாளே கை வைக்க முடிஞ்சுது. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தா.

கலர் போட ஆரம்பிச்சேன், வந்துச்சு வெனை. நான் பாத்த யூட்யூப் வீடியோ அத்தனையும் வெள்ளக்காரங்க தோலுக்கு, டைட்டானியம் வொய்ட், யெல்லோ ஓக்கர்ங்கற மண் மஞ்சள், கொஞ்சூண்டு செவப்பு. நம்ம கலருக்கு அதுலயே பிரவுனக் கலந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன், செங்கல் மாதிரி ஆயிடுச்சு. நிழலுக்கு கருப்பக் கலந்தா மூஞ்சில கரி பூசுன மாதிரி இருக்கு. கன்னத்துல மினுக்குறதுக்கு வெறும் வெள்ளைய ஒரு தீத்து தீத்துனேன், பவுடர் டப்பா கவுந்த மாதிரி ஆச்சு.

அப்புறம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைல மொளகு சைஸுக்கு ஓட்ட போட்டு அத அவர் படத்தோட பிரின்ட் மேல வச்சு, ஓட்டைல தெரியற கலர மட்டும் பாத்தேன் (இது ட்ராயிங் க்ளாஸ்ல எல்லாரும் சொல்றதுதான், நான்தான் கேக்கல). கன்னத்து மினுக்கு வெள்ளையே இல்லப்பா, நனைஞ்ச சிலேட்டு மாதிரி நீலம் கலந்த சாம்பல். நெத்தியோரம் கத்திரிப்பூ. தாடைக்குக் கீழ புளித்தண்ணில பச்சை கலந்தாப்ல ஒரு நெறம், அதுக்கும் கீழ கழுத்துல பொடவையோட மஞ்சள் பட்டு லேசா ஆரஞ்சு. பிரவுன்னு நாம சொல்றது எங்கயும் தனியா இல்ல. யோசிச்சா சரிதான், ஜன்னல் வெளிச்சம்னா வானத்து வெளிச்சம், கருத்த தோல்ல அது பளிச்னு தெரியும், எங்க பெரியம்மா வெயில்ல நிக்கும்போது இத்தன வருஷமா பாத்திருக்கேன், பாத்தும் பாக்கல போல.

இப்ப கருப்பு ட்யூப்ப எடுத்து உள்ள வச்சுட்டேன். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்மண் பிரவுனும் கலந்தாலே வேணுங்கற இருட்டு வருது, செத்த மாதிரியும் இல்ல.

ரவிவர்மாவுக்கே திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த ஜென்சன்ங்கற வெள்ளக்காரர் சொல்லிக்குடுக்க மாட்டேன்னுட்டாராம், வேணும்னா நான் வரையறப்ப நின்னு பாத்துக்கோன்னாராம். எனக்கு அதுகூட இல்ல, இருக்கறது ஒரு பிரின்ட் அவுட்டு, அதுலயும் கடக்காரர் கலர கொஞ்சம் செவக்கடிச்சுக் குடுத்துட்டார், அதனால ஃபோனயும் பக்கத்துலயே நிறுத்தி வச்சு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கறேன்.

பொறுமைதான் பெரிய பிரச்சன. இந்தப் பெயின்ட்ல இருக்கற லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, காத்துலேர்ந்து ஆக்ஸிஜன எடுத்துக்கிட்டு மெதுவா இறுகும். அலிசரின்ங்கற கருஞ்செவப்பு போட்ட உதடு ஒரு வாரம் கழிச்சும் வெரல்ல ஒட்டுச்சு. ஒட்டுச்சுன்னு எப்டித் தெரியும்னா தொட்டேன், ஆமா.

போன வாரம் அம்மா காபியோட வந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. கலர் நல்லா வந்துருக்குடி, நம்மூரு புள்ள மாதிரியே இருக்கான்னாங்க. நான் குளுந்துபோய் நிக்கறேன், "ஆனா மூக்கு ஏன்டி குளவி கொட்டுன மாதிரி இருக்கு"ன்னுட்டு போய்ட்டாங்க. கண்ணாடில திருப்பிப் பாத்தா ஆமா, வலது பக்கம் அரை இஞ்ச் வீங்கித்தான் இருக்கு. கத்தியால சொரண்டி எடுத்துட்டேன். இப்ப மூக்கில்லாம நிக்கறா, ஞாயித்துக்கெழம வரைக்கும் அப்டித்தான்.