பெட்டி ராட்டை: நாலாவது கதிர் ஆடாமல் ஓடியது

பெட்டிக்குள் அடங்குகிற நூற்கும் ராட்டை ஒன்று செய்கிறேன். அதில் நூலை முறுக்குகிற கம்பிதான் கதிர். மூன்று கதிர் வீணாய்ப் போச்சு. நாலாவது நேற்றிரவு ஆட்டமில்லாமல் ஓடியது. இரண்டு முழம் நூல் அறாமல் வந்தது!

மும்பையில் மணி பவனைப் பார்த்த நாளில் பிடித்த ஆசை இது. 1917 முதல் 1934 வரை அந்த நகருக்குப் போகும்போதெல்லாம் காந்தி தங்கிய வீடு. அவருடைய அறையை ராட்டைகளோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நான் செய்வது எரவாடாச் சிறையில் இருந்தபோது அவர் திருத்திய பெட்டி வகை.

பெட்டிக்குப் பழைய முதிரைக் கதவொன்றின் பலகை. சில்லுகள் கிளிநொச்சியில் கடைந்தவை. அதிலெல்லாம் கரைச்சல் இல்லை, கரைச்சல் முழுக்கக் கதிரில்தான். பெரிய சில்லு 20 செ.மீ., அது இழுக்கிற கப்பி 2.5. சின்னச் சில்லு 12, கதிர்க் கப்பி 1. கையால் ஒருக்கால் சுற்றினால் கதிர் 96 தரம் சுற்றும். அந்த வேகத்தில் மயிரளவு வளைவும் நூலை அறுத்துவிடும்.

முதல் இரண்டும் சைக்கிள் ஸ்போக். மெலிவு, இழுக்கவே வளைந்தன. மூன்றாவது குடைக்கம்பி. அடுப்பில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினேன், உரம் போய்விட்டது. பிறகு 3 மி.மீ. உருக்குக் கம்பி வாங்கினேன். கடைசல்காரர் சொன்னார்: "தம்பி, அடிச்சு நிமித்தாதை. கண்ணாடியில உருட்டிப் பார். அடியில வெளிச்சம் தெரியிற இடத்தை மட்டும் கட்டையில வைச்சு அமத்து." இரண்டு பின்னேரம் இதே வேலை. உருட்டுவது, குனிந்து பார்ப்பது, அமத்துவது, திரும்ப உருட்டுவது. வெளிச்சம் முற்றாக மறைந்தபோது மணி பத்து.

ஆனாலும் நடுங்கியது. கப்பியின் துளை நடுவில் இல்லை. கப்பியைக் கதிரில் இறுக்கி, ட்ரில்லில் பூட்டிச் சுற்றவிட்டு, சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். வட்டம் தானாக வந்தது. இதைச் செய்யப் போகிறவர்கள் துளையைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கதிரைத் தாங்கத் தோலுக்குப் பதில் பனைநார் முறுக்கிப் போட்டேன், ஒரு துளி தேங்காயெண்ணெய். சத்தமே இல்லை.

சில்லையும் கப்பியையும் இணைத்துச் சுற்றவைக்கிற மால் கயிறு வவுனியாவில் வாங்கியது. இளகி வழுக்கியது, குங்கிலியத் தூள் பூசினதும் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைப் பஞ்சு இழை குட்டை. இலவம் பஞ்சு முறுக்கே ஏறாது. அம்மம்மாவின் வளவில் நிற்கிற பருத்திதான் கைகொடுத்தது. கொட்டையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், மாரி தொடங்கக் கிணற்றடியில் ஊன்ற வேண்டும்.

மூடிக்குப் பிணைச்சல் இன்னும் பூட்டவில்லை. அதற்குள் நூற்ற நூலைச் சிட்டமாக, அதாவது நூற்கட்டாக, சுற்றுகிற சட்டத்துக்குப் பாலைமரத் துண்டு அறுத்துவிட்டேன்.