வைரஸ் ஸ்கேன்: பட்டனை அமுக்கும் முன்பும் பிறகும்

சிஸ்டத்தில் வைரஸ் இருக்குமோ என்று சந்தேகம் வந்ததும் பலரும் நேரே ஸ்கேன் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட வேண்டும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே அது ஒரு மெஷினிலிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த அடுத்த மெஷினுக்குத் தாவியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

நெட் இல்லாமல் ஆன்டிவைரஸை எப்படி அப்டேட் செய்வது? விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கான அப்டேட் கோப்பை வேறொரு நல்ல சிஸ்டத்தில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் கொண்டுவரலாம். வேலை முடிந்ததும் அந்தப் பென்டிரைவும் சந்தேகத்துக்குரியதுதான். ஃபார்மட் செய்யாமல் வேறெங்கும் செருகக் கூடாது.

குயிக் ஸ்கேன், வைரஸ் வழக்கமாக ஒளியும் இடங்களை மட்டும் பார்க்கும். ஃபுல் ஸ்கேன் மணிக்கணக்கில் ஓடும். இரண்டுக்கும் ஒரே பலவீனம் உண்டு. ஆன்டிவைரஸ், கோப்புகளின் பட்டியலை விண்டோஸிடம்தான் கேட்கிறது. தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் என்ற வகை, நடுவில் உட்கார்ந்து தன் பெயரை நீக்கிவிட்டுப் பட்டியலைக் கொடுக்கிறது. ‘எதுவும் இல்லை’ என்று வருகிற முடிவை அப்படியே நம்ப முடியாதது இதனால்தான். டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஓடுகிறது. சுமார் 15 நிமிடம் போதும். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்திருப்பவற்றைச் சேமித்துவிட வேண்டும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீயும் கையில் இருக்கட்டும்.

கண்ணால் பார்ப்பதும் முக்கியம். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் (svchost) என்று பல வரி ஓடுவது சகஜம். ரைட் கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தால், அசல் என்றால் சிஸ்டம்32 ஃபோல்டர் வரும். ஆப்டேட்டாவோ டெம்ப்போ வந்தால் போலி. சில சமயம் பெயரில் ஆங்கில ‘ஓ’ எழுத்துக்குப் பதில் சுழியம் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அழித்த கோப்பு மறுநாள் திரும்பி வந்தால், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அதை மறுபடி இறக்கும் வேலை ஒன்று இருக்கக்கூடும். சிஸ்டம் எழும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ் கருவியில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டால் மிச்சம் சிறிய பட்டியல்தான். சந்தேகமானதை உடனே அழிக்காமல் முதலில் டிக்கை எடுத்து முடக்கிப் பார்ப்பது நல்லது.

பாஸ்வேர்டு திருடும் ரகம் சிக்கியிருந்தால், சிஸ்டம் சுத்தமாகும்வரை காத்திருக்காமல் வேறு மெஷினிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். கூடவே எல்லா சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்ய வேண்டும். திருடுபோன குக்கி (நாம் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு தகவல்), பாஸ்வேர்டு மாறிய பிறகும் பல தளங்களில் கதவைத் திறந்துவிடும்.