ஃபிளைவீல் குழியில் சிக்கிய பைலட் பேரிங் வளையம்

சென்னையிலேயே சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின் பொருத்திய பழைய லாரி ஒன்றை மாதவரத்தில் ஒரு கொட்டகையில் வைத்துச் சீர்செய்து வருகிறேன். கிளட்சை முழுவதும் மிதித்த பின்னும் முதல் கியர் கரகரவென்று உரசியே விழுந்ததால் கியர் பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட்டில் குறையில்லை. இன்ஜினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் நடுக்குழியில் இருக்கும் பைலட் பேரிங் துருவேறி இறுகியிருந்தது. கிளட்சை மிதிக்கும்போது இன்ஜின் சுழல, கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சிறு பேரிங் இறுகிவிட்டால் ஷாஃப்டும் கூடவே இழுபட்டுச் சுழலும்.

புல்லர் என்னும் கொக்கிக் கருவியை மாட்டி இழுத்ததில் உள்வளையமும் குண்டுகளும் வந்துவிட்டன. வெளிவளையம் மட்டும் குழியின் அடியோடு ஒட்டி நின்றது. அதன் பின்னால் கொக்கி நுழைய இடமே இல்லை. பேரிங்குக்குப் பதில் புஷ் (குண்டுகள் இல்லாத உலோகக் குழல்) உள்ள வண்டிகளில், குழிக்குள் கிரீஸை அடைத்துத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைச் சுத்தியலால் அடித்தால், கிரீஸின் அழுத்தமே புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிவிடும்; வெறும் வளையத்தில் அந்த வழி செல்லாது. உளியால் வெட்டிவிடலாம் என்றார் உடனிருந்த மேஸ்திரி. "பேரிங் கடையில் கிடைக்கும் அண்ணே, இந்த ஃபிளைவீல் கிடைக்காது" என்று சொல்லி நான் இசையவில்லை. உளி ஒருமுறை வழுக்கிக் குழியின் சுவரைக் கீறிவிட்டால் புதிய பேரிங் அதில் உறுதியாக உட்காராது.

ஆகவே வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து வந்தோம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, மின்சாரம் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் வழியே பாயாதபடி எர்த் கிளாம்பை ஃபிளைவீலிலேயே மாட்டி, சுற்றிலும் ஈரச் சாக்கைப் போர்த்திய பிறகு, வளையத்தின் உட்புறத்தில் மட்டும் அவர் மெல்லிய வெல்டிங் பற்று ஒன்றை ஓட்டினார். உருகிய பற்று ஆறும்போது சுருங்கி வளையத்தையும் உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். ஆறிய பின் ஸ்க்ரூடிரைவரால் இலேசாக நெம்பியதும் வளையம் கையோடு வந்துவிட்டது. குழியில் ஒரு கீறல்கூட இல்லை என்பதைக் கண்டபோது உண்டான நிம்மதி பெரிது.

புதிய பேரிங்கைத் தேடுவோர் அளவில் கவனமாக இருக்க வேண்டும். கழற்றியது அங்குல அளவு: உள்விட்டம் 3/4 அங்குலம், வெளிவிட்டம் 1 7/8 அங்குலம், அதாவது சுமார் 47.63 மி.மீ. புதுப்பேட்டையில் முதலில் எடுத்துக் கொடுக்கப்பட்ட, 6204 என்ற எண்ணுள்ள மில்லிமீட்டர் அளவு பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், அது குழியில் ஆடும். வெர்னியர் வைத்துப் பார்த்து அங்குல அளவையே கேட்டு வாங்கினேன். வெளிவளையத்தில் மட்டும் படும்படி குழாய்த் துண்டு வைத்துத் தட்டி இறக்கியாயிற்று. அடுத்து, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் அதைத் தள்ளும் ஃபோர்க்கையும் பார்த்துவிட்டுக் கியர் பாக்ஸை ஏற்ற வேண்டும்.