கேப்டன் விட்டுக்கொடுத்த முடிவு

எசெக்ஸ் கப்பல் கதைய நைட்டு ரெண்டு மணி வரைக்கும் படிச்சிட்டு இன்னும் மனசே ஆறல. அமெரிக்கால நான்டக்கெட் தீவுலேர்ந்து திமிங்கல வேட்டைக்குப் போன கப்பல், 1820 நவம்பர் 20 அன்னிக்கு நடு பசிபிக்ல ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் ரெண்டு தடவ முட்டுச்சு, அவ்ளோதான், 20 பேரு மூணு சின்னப் படகுல.

கேப்டன் பொல்லார்டுக்கு முப்பது வயசுகூட ஆகல. காத்து தள்ளுற பக்கம் இருக்குற தீவுகளுக்குப் போலாம்னு சரியாத்தான் சொன்னாரு, ஆனா கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் சேஸும் இன்னொருத்தரும் அங்க நரமாமிசம் தின்னுறவங்க இருப்பாங்கன்னு பயந்து தென் அமெரிக்காவுக்கே போவோம்னு நிக்க, மனுசன் சரின்னுட்டாரு. நல்லவரு, அதான் பிரச்சினையே. கடைசில செத்தவங்கள சாப்பிட்டது இவங்கதான்.

எனக்குத் தொண்டை அடைச்சது ஓவன் காஃபின்கிட்ட. பொல்லார்டோட கசின், 18 வயசுப் பையன். மத்தவங்க சாப்பிட்டுப் பொழைக்க யாரக் கொல்றதுன்னு சீட்டு போட்டதுல அவனுக்கு விழுந்துச்சு. உன்ன தொடுறவன சுட்டுடுறேன்டான்னு பொல்லார்ட் சொன்னாராம், அவன் ஒத்துக்கலயாம்.

மொத்தம் பொழச்சது 8 பேரு. பொல்லார்டோட அடுத்த கப்பலும் 1823ல பாறைல மோதி போச்சு, பாவம், அப்புறம் ஊர்லயே நைட் வாட்ச்மேன் வேலை. வருசா வருசம் நவம்பர் 20 அன்னிக்கு ரூம்ல கதவ சாத்திட்டு பட்டினியா இருப்பாராம்.